விரல் நீளப் போட்டியாளன்

இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அப்பா கட்டிலை விட்டு இறங்கவில்லை. நடக்கச் சொன்ன டாக்டரைத் திட்டினார்.

மீன்களின் இதயத்தை ஆராயும் மகள் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். "நேத்து இவன் இதயத்துல ஒரு துண்டை வெட்டினோம். இன்னிக்கு எப்படி நீந்துறான் பாருங்கப்பா!"

"விரல் நீளம்கூட இல்லாத இந்தப் பயலா?"

"நீங்க மூட்டை தூக்கின உடம்பு. படுத்தே இருங்க."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. செருப்பைத் தேடினார்.

மறுவாரம் வீட்டுக்கு வந்த ஆய்வுக்கூடத் தோழி அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தாள். "ஏய், இது ஒப்பிட்டுப் பார்க்க நெஞ்சை மட்டும் திறந்து மூடின மீனாச்சே! இதயத்துல கத்தியே படலையே?"

"இதயத்தை வெட்டின மீனு அன்னிக்குத் தொட்டியோட அடித்தரையில அசையாம கிடந்துச்சுடி. அதைக் காட்டியிருந்தா அப்பாவும் துணைக்குப் படுத்திருப்பாரு."

வாசலில் அப்பா வேர்வையைத் துடைத்தார். "தெருவை மூணு சுத்து வந்துட்டேன். அந்தப் பய இன்னிக்கு எத்தனை?"