நாடி பார்க்கும் படலம்

"இன்னும் ஒருக்கா ஏறி இறங்கு பிள்ளை. அவையள் வர ஏழு நிமிசம் இருக்கு."

ஆறாம் மாடிப் படிக்கட்டின் உச்சியில் கைபேசியும் கையுமாக நின்றார் பாலசுந்தரம். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாரிகா மறுபடி கீழே பறந்தாள். லிஃப்ட் நன்றாக வேலை செய்யும்போது, பெண் பார்க்க வருகிற நாளில் மகளைப் படியில் ஓடவிட்ட தகப்பன் வெள்ளவத்தையிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எல்லாம் அவரே தேடிக்கொண்டது. மைத்துனருக்கு நாடி குறைந்து நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்த நாளிலிருந்து மனிதருக்கு ஒரே பயம். சாதகத்தைக் கொடுக்கும்போதே தரகரிடம் நிபந்தனை போட்டுவிட்டார்: "நாடி அறுபதுக்குக் கீழை எண்டால் சரிவராது. பாக்க வரேக்கை ரெண்டு பேருக்கும் மெஷினில பாப்பம்."

மாப்பிள்ளை சுகிர்தனின் தாய் இரத்தினம்மா ஓய்வுபெற்ற தாதி. மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

போன கிழமைதான் இடி விழுந்தது. தாரிகா நெடுந்தூர ஓட்டக்காரி. போட்டி ஒன்றுக்கு மருத்துவச் சான்றிதழ் எடுக்கப் போனால், நாடி நாற்பத்திரண்டு. "ஓடி ஓடி இருதயம் பலத்துப் போச்சு. ஒரு அடியிலேயே நிறைய ரத்தம் தள்ளுது, அதால சும்மா இருக்கேக்கை ஆறுதலா, மெல்லமா அடிக்குது. ஓடினால் நூற்றித் தொண்ணூறுக்கும் போகும்" என்றார் டாக்டர். பாலசுந்தரத்தின் மண்டையில் ஏறியது கடைசி வசனம் மட்டும்தான்.

"உண்மையைச் சொல்லுவமே அப்பா" என்றாள் மேலே வந்த தாரிகா.

"நான் போட்ட கண்டிசனிலை நானே மாட்டுறதோ? உனக்கு அந்தப் பெடியனைப் பிடிச்சிருக்குத்தானே?"

பிடித்திருந்தது. அதனால் இன்னொரு தடவை ஓடினாள்.

இரத்தினம்மா தனியாகத்தான் வந்தார். "சுகிர்தன் வாகனம் நிப்பாட்ட இடம் தேடுறான். உங்கட பக்கம் இடம் கிடைக்கிறது பெரிய பாடு" என்றபடி பையிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்துத் தாரிகாவின் கையில் சுற்றினார்.

"நாடி நூற்றிப் பதினெட்டு. கொஞ்சம் கூடத்தான்."

"வெக்கத்திலை அம்மா" என்றார் பாலசுந்தரம். அவர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"பொறுத்து இன்னொருக்காப் பாப்பம். அவனும் வரவேணுமே."

வடை வந்தது. தேநீர் வந்தது. மெஷின் மறுபடி உறுமியது. எழுபத்திநாலு.

"இது காணும் அம்மா. கழட்டுங்கோ."

"என்ன அவசரம்? அவன் வர நேரமெடுக்கும்."

சனி பிடித்த இருதயம், வளர்த்த தகப்பனை ஒரு நிமிடமும் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை ஐம்பத்தொன்று. நான்காம் முறை இரத்தினம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நாப்பத்திரண்டு."

பாலசுந்தரம் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இனி மறைத்துப் பயனில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. பிள்ளைக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை. ஓட்டக்காரி எண்டபடியால் இப்பிடித்தான் அடிக்குமெண்டு டாக்டரே சொன்னவர். நீங்கள் வேண்டாமெண்டு போடுவியளோ எண்டு நான்தான் படியிலை ஏறி இறங்க விட்டனான். பிள்ளையிலை பிழையில்லை. கோவமெண்டால் என்னை ஏசுங்கோ."

இரத்தினம்மா சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை. "எத்தினை தரம் ஏறினவ?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு தரம்."

இரத்தினம்மா ஒரு பெருமூச்சோடு கைபேசியை எடுத்தார்.

"மரைன் டிரைவ் ரோட்டிலை வேர்க்க வேர்க்க ஓடினது காணும் மோனை, மேலை வா. பொம்பிளைக்கு நாடி உன்னைவிட ரெண்டே ரெண்டுதான் கூட."