பதிவான நீலம்

படம் வரவில்லை.

திரை முழுக்க நீலம். நடுவில் சின்ன எழுத்தில், சிக்னல் இல்லை.

அவள் கோப்பை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதே நீலம்.

நடுப்பகுதிக்கு நகர்த்திப் பார்த்தாள். கடைசிக்கு நகர்த்திப் பார்த்தாள்.

நீலம்.

அம்மா வாழைப்பூ வடை செய்துகாட்டிய நிகழ்ச்சி அது. உள்ளூர் கேபிள் சேனல். ஒருமுறைதான் போடுவார்கள், பிறகு அழித்துவிடுவார்கள் என்று கேட்டுவந்து சொன்னதே அம்மாதான். எப்படியாவது பிடித்து வைத்துவிடு என்று அவளிடம் சொன்னாள். அவள் கணினியில் நேரம் குறித்து வைத்தாள். சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு. யாரும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. மென்பொருள் தானாக விழித்துப் பதிந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை இரவு அம்மா இறந்துபோனாள்.

சனிக்கிழமை மென்பொருள் விழித்தது.

காரியம் முடியும்வரை டிவி, கம்ப்யூட்டர் எதையும் போடக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்தாள். நேற்றுதான் முடிந்தது. இன்று காலை அத்தையும் ஊருக்குப் போய்விட்டாள். அப்பா காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

அம்மாவை முதலில் தனியாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

இப்போது புரிந்தது. கூடத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸிலிருந்துதான் கணினிக்கும் ஒயர் வருகிறது. அம்மாவை டிவிக்குக் கீழேதான் கிடத்தியிருந்தார்கள். செட்டாப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "துக்க வீட்டுல அது என்னடி வெளிச்சம், அணை மொதல்ல" என்று அத்தை யாரிடமோ சொன்னாள்.

யாரோ அணைத்தார்கள்.

யார் என்று அவளுக்கு நினைவில்லை. அன்றைய நாளில் பாதி அவளிடம் இல்லை.

மூடப்போனாள். அப்போதுதான் திரையின் அடியில் ஒலி அளவைக் காட்டும் கோடு அசைவதைப் பார்த்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அழுகுரல்கள். தூரத்தில். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்கள். நேரம் குறிக்கும்போது, ஒலியை எங்கிருந்து எடுப்பது என்ற இடத்தில் டிவிக்குப் பதிலாக அவள் வெப்கேமராவின் மைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். நீலத்தோடு சேர்ந்து இந்த அறை பதிவாகியிருந்தது.

கதவு சாத்தும் சத்தம். அழுகுரல்கள் குறைந்தன.

ஒரு செருமல்.

"சௌந்தரம், மணி பன்னெண்டாச்சு. உன் புரோகிராம்."

அப்பா.

நாற்காலி கிரீச்சிட்டது.

"கம்ப்யூட்டர்லயும் வரலியே. அக்கா சொன்னதும் புள்ள போயி பெட்டிய அணைச்சிருச்சு. பாவம், இந்த நெனப்பே இல்ல அதுக்கு."

மூச்சு மட்டும் கேட்டது.

"இத்தன பேருக்கு நடுவுல, உன்னைக் கிடத்திட்டு, நான் போயி டிவியப் போடட்டுமா? நீயே சொல்லேன்."

பிறகு அவள் இதுவரை கேட்டிராத ஒரு சத்தம். என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்படித்தான் கேட்டது.

இடுகாட்டில்கூட அப்பா அழவில்லை என்று சொன்னார்கள்.

தோளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பினாள்.

அப்பா நின்றிருந்தார். கையில் காய்கறிப் பை. அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு காதை மட்டும் விடுவித்தாள்.

அப்பா பையைக் கீழே வைத்தார். முருங்கைக்காய் ஒன்று சரிந்தது. அதை எடுத்துப் பைக்குள் செருகினார். மறுபடி சரிந்தது.

"நான்தாம்மா அணைச்சேன்" என்றார். "அன்னிக்கு. அத்தை சொன்னா, நான் யோசிக்காமப் போயி அணைச்சிட்டேன்."

மறு காதில் அவர் இன்னும் அழுதுகொண்டிருந்தார்.

"ஆமாப்பா" என்றாள். "நானும் பார்த்தேன்."