மறுபக்கம் திருப்பிய நேரம்

சிங்காரம் பிள்ளையின் நாதஸ்வரம் தோடியில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது ரசிகர் வைரக்கண்ணு பதிவு செய்துகொண்டிருந்த கேசட்டில் முதல் பக்கம் தீர்ந்துபோனது. மறுபக்கம் திருப்பும் பதற்றத்தில் அதைக் கை நழுவவிட்டார். மேடைக்கடியில் சறுக்கிப் போனதைத் தவழ்ந்துபோய் எடுத்துப் போடும்வரை அவர் காதில் எதுவும் ஏறவில்லை. பிள்ளையின் கடைசிக் கச்சேரி அதுதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்தப் பதிவு ஊர் ஊராகப் பிரதி போயிற்று. கேசட் போய்ப் பென்டிரைவ் வந்தும் ரசிகர்கள் அதை விடவில்லை. ஏற்றம் அறுபடும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். விட்டுப்போனதை நேரில் கேட்டதாகச் சொன்னவர்கள் விதவிதமாகப் பாடிக் காட்டினார்கள். பந்தல் பக்கமே வராதவர்கள் இன்னும் நன்றாகப் பாடினார்கள். "கேசட்டப் பிடிக்கத் தெரியாத கைக்கு மோதிரம் வேறயா?" என்று வைரக்கண்ணுவைத் திட்டிவிட்டு, அவர் செலவிலேயே காப்பி குடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

பிள்ளைக்குத் தவில் வாசித்த கலியபெருமாள் மட்டும் வாயே திறந்ததில்லை. அவர் படுத்த படுக்கையானதும் வைரக்கண்ணு போய்க் காலடியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, இப்பவாவது சொல்லுங்க. அங்க என்னதான் வாசிச்சாரு?"

"அந்த இடத்த நெனச்சு இத்தன பேரு உருகுறீங்க. எப்படிடா சொல்றது?"

"சொல்லுங்கண்ணே."

"ஒண்ணும் வாசிக்கலடா. நாயனத்துச் சீவாளிய வாயிலேர்ந்து எடுத்துட்டு, என்னையும் கையமர்த்திட்டு, நீ நிமிர்ற வரைக்கும் உன்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."