நுரை நிற்காத பால்

சிதம்பரம் கீழ வீதியில் காபி ஷாப் நடத்தும் இளவரசுவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. காபி மிஷினில் ஸ்டீம் பிடித்தால் பாலில் பொங்கும் நுரை அடுத்த நொடியே அமுங்கிவிடுகிறது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஜாஸ்தியானார்கள்.

"தண்ணி கலக்குறாரு" என்று பால்காரரை நிறுத்தினான். புதுப் பாலும் அப்படியேதான். ஸ்டீம் குழாயை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தும் பயனில்லை.

"மெக்கானிக்க வரச் சொல்லுங்க மாமா," என்றாள் மனைவி தமிழ்ச்செல்வி.

கடலூரிலிருந்து வந்த வினோத்குமார் மிஷினைக் கழற்றிப் பார்த்தான்.

"மிஷின் நல்லாத்தான் இருக்குண்ணே. பால் ஓவரா காய்ஞ்சாலும் நுரை நிக்காது. எப்ப நிறுத்துறீங்க?"

"ஜக்கு அடியில கை வெச்சிருப்பேன். சூடு தாங்கலன்னா நிறுத்திடுவேன். கடை தொறந்ததுலேர்ந்து இதான் கணக்கு."

"எங்க, போட்டுக் காட்டுங்க."

இளவரசு ஜக்கை உள்ளங்கையில் ஏந்தி ஸ்டீமைத் திறந்தான். பால் கொதித்து ஆவி பறந்தது. அவன் நிறுத்தவில்லை.

"போதும்ணே!" ஜக்கை எட்டிப் பிடித்த வினோத்குமார், சுரீரென்று சுட்டதில் கையை உதறினான்.

"என்னாச்சு தம்பி?" என்றான் இளவரசு, ஜக்கைக் கீழே வைக்காமலே.

தமிழ்ச்செல்வி துணியால் ஜக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு கணவனின் கையை விரித்தாள். தோல் வெந்திருந்தது. புதுக் கொப்புளத்தின் பக்கத்தில் நேற்றைய கொப்புளமும் இருந்தது.

"மாமா... ஒங்களுக்குச் சுடலையா?"

இளவரசு அந்தக் கொப்புளத்தை விரலால் அழுத்திப் பார்த்தான். மறுபடியும் அழுத்தினான்.

"பால்ல இன்னும் சூடே ஏறலன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்," என்றான்.