எழுநூற்றைம்பது தடவை

இறந்தவர்களோடு பேசும் பெட்டிக்கு பிளக்கும் சாக்கெட்டும் வடிவமைத்தவன் தயாபரன். காதுக்குப் பின்னாலிருந்து வரும் கேபிளை அதில் செருகினால் குரல் கேட்கும். சாக்கெட்டின் தங்கப்பூச்சு எத்தனை தடவை செருகுவதைத் தாங்க வேண்டும் என்று ஆபீஸ் கூட்டத்தில் கேட்டார்கள்.

"எழுநூத்தம்பது போதும் சார். ரெண்டு வருஷத்துக்கு மேல யாரு பேசப் போறாங்க?" என்றான்.

அப்போது அவன் மனைவி சங்கவி உயிரோடு இருந்தாள்.

பூச்சு தேய்ந்தால் குரல் வராது. சாக்கெட்டை மாற்றப் பெட்டியைத் திறந்தால் உள்ளிருப்பது அழிந்துவிடும். சங்கவியின் பெட்டியில் அவன் செருகியிருப்பது இது எழுநூற்றைம்பதாவது தடவை. மூன்று நாளாக அவன் கேபிளைக் கழற்றவில்லை.

"குளிச்சியா? இங்க வரைக்கும் நாத்தம் வருது," என்றாள் சங்கவி.

"உனக்கு எப்படி வரும்?"

"உன்னத் தெரியாதா எனக்கு? சாப்பிட்டியாவது?"

அவன் கேபிளை விரலில் சுற்றிக்கொண்டான்.

"கழட்டு தயா. குளிச்சு, சாப்ட்டு, ஆபீஸ் போ. மிச்சத்த சாயங்காலம் பேசலாம். நான் எங்க போயிடப் போறேன்?"

எண்ணிக்கையைப் பற்றி அவளிடம் அவன் சொன்னதே இல்லை.

"சரி. சாயங்காலம் வரேன்," என்று சொல்லிவிட்டு பிளக்கைப் பிடித்து இழுத்தான்.