டாக்டர் இல்லை

அந்தப் பாழாய்ப்போன கட்டத்தை நிரப்பாமல் கட்டுரையை அனுப்பவே முடியவில்லை. குடும்பப் பெயர் கட்டாயம் என்று வெளிநாட்டு ஆய்விதழின் இணையதளம் சிவப்பில் கத்தியது. மருதாயிக்கு வாய்த்ததெல்லாம் ஒரு பெயரும் அதற்கு முன்னால் ஓர் இனிஷியலும்தான். ஒற்றை எழுத்தை அது ஏற்கவில்லை. அப்பா பெயரைப் போட்டாலோ, நண்டுகளோடு அவள் சேற்றில் கிடந்த வருஷங்களெல்லாம் அவர் பெயரில் போய்விடும். கெடு முடியப்போகிற பதற்றத்தில், ஆங்கில எழுத்தில் ‘இல்லை’ என்று அடித்தாள். கணினி மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டது.

முதல் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, ‘எம். இல்லை’ என்று கட்டுரை வெளிவந்தது. எங்கெங்கோ இருப்பவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். ‘அன்புள்ள டாக்டர் இல்லை’ என்று மின்னஞ்சல்கள் வந்தன. பெயரைத் திருத்தச் சொல்லி எழுதினாள். நீங்களும் இல்லையும் ஒரே ஆள்தான் என்பதற்குச் சான்று கேட்டார்கள்.

இப்போது பல்கலைக்கழக நேர்காணலில் தேர்வுக்குழுத் தலைவர் மடிக்கணினியைத் துழாவிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு கட்டுரையை விட்டால் மருதாயிக்கு வேறு கதியில்லை.

“மருதாயிங்கற பேர்ல ஒண்ணுமே காட்டலையேம்மா. இந்த நண்டுக் கட்டுரையை எழுதினது யாரு?”

“இல்லை சார்.”

“அப்ப நீங்க இல்லையா?”

“ஆமா சார். நான்தான் இல்லை.”

அவர் அவளுடைய விண்ணப்பத்தை அருகே இழுத்து, பேனா மூடியைக் கழற்றி, வெளியான கட்டுரைகள் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுகிறார்.