பொத்தான்காரிக்கு மட்டும்

கழிப்பறை மூலையில் நின்று, யாராவது வருகிறார்களா என்று இருபுறமும் பார்த்துவிட்டு, அதை அவசரமாகச் சுருட்டிக் கைப்பையின் அடியில் திணித்தாள் காலர்க்காரி. ஏழு வருடமாகத் தினமும் காலையில் நடக்கிற காரியம்தான். இன்னும் திரும்பித் திரும்பிப் பார்ப்பது நிற்கவில்லை.

திருட்டுச் சாமான் ஒன்றுமில்லை, வீட்டிலிருந்து போட்டு வந்த முக்காடு. பிழைக்க வந்த அயல்நாட்டில், அவள் காலர் தைக்கும் அந்தச் சட்டைக் கம்பெனியில், தலையில் கம்பெனித் தொப்பி தவிர வேறெதுவும் கூடாது என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள்.

சேர்ந்த வருடமே, நிறைமாத வயிற்றோடு, தொப்பிக்குள் முக்காடு போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு மனு எழுதிக் கொடுத்தாள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பினால், மனுவை வாங்கிய அதிகாரி மாறிப் போயிருந்தார். மறுபடி கேட்டால் பிழைப்பில் மண் விழுமோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

போன மாதம் பொத்தான் தைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தாள் பொத்தான்காரி. இவள் பேசும் பாஷை, இவளுடைய மார்க்கம். தொப்பிக்கு அடியில் மயில்கழுத்து நிறத்தில் பளிச்சென்று முக்காடு.

“யாரைக் கேட்டுப் போட்டே?”

“சேரும்போதே கேட்டேன்க்கா. தாராளமா போட்டுக்கோன்னாங்க.”

காலர்க்காரிக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்தவளுக்குத் தாராளம், தனக்குக் கழிப்பறை மூலையா? தினம் ஒரு நிறத்தில் வந்தாள் அவள். அந்த நாட்டுப் பெண்கள் சுற்றி நின்று அழகு பார்த்தார்கள். இரண்டு பேர் சலாம் சொல்லக்கூடப் பழகிவிட்டார்கள்.

“சிரிச்சே காரியம் சாதிச்சிட்டா,” என்று வீட்டில் பொருமினாள்.

“நீயும் போய்க் கேளேன்,” என்றார் கணவர்.

“அவளுக்குக் கூப்பிட்டுக் குடுப்பாங்க, நான் போய்க் கெஞ்சணுமாக்கும்.”

அதையும் பொறுத்திருப்பாள். மறுநாள் பக்கத்து மிஷின்காரி வெள்ளந்தியாகக் கேட்டாள்: “நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்னு சொன்னாங்க. மதம் மட்டும் வேறயா?”

கையிலிருந்த காலர் கோணிக்கொண்டு போனது. மிஷினை நிறுத்திவிட்டு நேராக அதிகாரியம்மாளின் அறைக்குப் போனாள்.

“புதுப் பொண்ணு தலையில துணி கட்டிட்டு வருது மேடம். ஊசியில மாட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது? அவளுக்கு மட்டும் எப்படி விட்டீங்க?”

அதிகாரியம்மாள் யோசித்தார். “அவங்களுக்குன்னு தனியா ஒண்ணும் குடுக்கல. பழைய உத்தரவு ஒண்ணு இருக்கு. அதை வச்சுத்தான் விட்டேன். ஆபத்துன்னு நீங்க எழுதிக் குடுத்தா ரத்து பண்ணிடலாம்.”

காலர்க்காரி நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாங்கி ஒருமுறை படித்த அதிகாரியம்மாள், அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துப் பிரித்தார். பழுப்பேறிய ஒரு மனு. மேலே ‘அனுமதிக்கப்பட்டது’ என்ற முத்திரை.

அவர் விரல் அடியிலிருந்த கையெழுத்தில் நின்றது. புதுத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, குழப்பத்தோடு நிமிர்ந்தார்.

“இது நீங்க கேட்டு வாங்கினதுதானே?”